இரண்டு கடல், நான்கு வாத்தியம், எட்டு நிமிடம்: சேம்பர் இசை எழுத ஒரு முழு வழிகாட்டி

ராமேசுவரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மண்டபம் என்ற ஊரில் நின்றால் வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல். வடக்கே இருக்கும் பாக் விரிகுடாவைப் பெண் கடல் என்றும், தெற்கே இருக்கும் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் எங்கள் பக்கம் சொல்வார்கள். பெண் கடல் சாது, ஆண் கடல் முரடு என்பது சுற்றுலா வருபவர்களுக்குச் சொல்லும் கதை. கடலுக்குப் போகிறவர்களைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்வார்கள். தென்மேற்குப் பருவத்தின் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தெற்கு கொந்தளிக்கும், வடக்கு குளம் மாதிரி கிடக்கும். வடக்கிலிருந்து வரும் வாடை பிறந்துவிட்டால் எல்லாம் தலைகீழ். அதற்கேற்ப நாட்டுப்படகுகளை இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் மாற்றுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இந்த இடமாற்றத்தை வைத்து ஒரு சேம்பர் இசைத் துண்டு எழுதுவது எப்படி என்பதுதான் இந்த வழிகாட்டி. சேம்பர் இசை என்றால் பெரிதாகப் பயப்பட வேண்டாம். சிறிய குழு, ஒரு பாகத்துக்கு ஒருவர் மட்டும், கோல் பிடித்து நடத்த ஆள் கிடையாது, ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டு வாசிப்பது. மைக் வருவதற்கு முன் நம் கச்சேரியும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. உங்களுக்கு ஸ-ரி-க-ம தெரிந்து, ஐந்து கோட்டில் எழுதும் மேற்கத்திய சுரக் குறிப்பை (ஸ்டாஃப் நொட்டேஷன்) தட்டுத் தடுமாறியாவது படிக்க வந்தால் போதும்.

முதலில் என் தோல்வியைச் சொல்லிவிடுகிறேன். நான் முதன்முதலில் எழுதிய 'கடல்' துண்டில் வயலினும் செல்லோவும் ஆறு நிமிடம் வில்லை நடுங்க நடுங்க இழுத்துக்கொண்டே இருந்தன. அதுதான் அலை என்று நினைத்துக்கொண்டேன். கேட்டு முடித்த என் அத்தை, "ஏன்டா, பக்கத்து வீட்ல மிக்ஸி ஓடுதா?" என்றார். அலையின் சத்தத்தை வாத்தியத்தில் நகல் எடுக்கப் பார்த்தால் இப்படித்தான் ஆகும். கடல் நடந்துகொள்ளும் விதத்தை எடுக்க வேண்டும். ஜப்பானிய இசையமைப்பாளர் தோரு தகேமிட்சு 1981இல் ஆல்டோ புல்லாங்குழலுக்கும் கிட்டாருக்கும் 'டுவார்ட் தி சீ' எழுதியபோது, கடலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் மூன்று எழுத்துகளையே சுரமாக்கினார்: எஸ், இ, ஏ. ஜெர்மன் முறையில் எஸ் என்பது இ ஃபிளாட். மூன்றே சுரம், அதிலிருந்து முழுத் துண்டும் வளர்கிறது. நமக்கும் அப்படி ஒரு சிறிய விதை வேண்டும்.

முதல் படி: போய்க் கேளுங்கள்

ஒரே நாளில் இரண்டு கரைக்கும் போங்கள். மண்டபத்தில் நிலம் அவ்வளவு ஒடுக்கம். வடகரையிலிருந்து தென்கரைக்கு நடந்தே போய்விடலாம். போன் ரெக்கார்டர் போதும். மைக் துளை மேல் பஞ்சோ மெல்லிய துணியோ வைத்துக் கட்டாவிட்டால் காற்று மட்டும்தான் பதிவாகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது என்ஜின் இரைச்சல் குறைவாக இருக்கும். கரையில் மற்ற நாளில் காதில் விழாததெல்லாம் விழும். பாம்பன் பாலத்தையும் கேளுங்கள். ஆனால் 1914இல் திறந்த பழைய பாலத்தில் ரயில் ஊர்ந்து போகும் அந்தத் தாளம் இனிக் கிடைக்காது. 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் புதிய பாலம் வந்துவிட்டது.

பதிவு செய்வதைவிட எண்ணுவது முக்கியம். கடிகாரத்தைப் பார்த்து, பத்து அலை உடைய எத்தனை விநாடி ஆகிறது என்று இரண்டு கரையிலும் குறித்துக்கொள்ளுங்கள். அமைதியான பக்கம் சின்ன அலைகள் அடுத்தடுத்து வரும். கொந்தளிக்கும் பக்கம் நீண்ட இடைவெளி விட்டு, பெரிதாக எழுந்து உடையும். இன்னொன்றையும் கவனியுங்கள்: அலை எழ நேரம் எடுக்கும், உடைவது சட்டென்று முடிந்துவிடும். ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் சமமே இல்லை. நான் மிக்ஸி ஓட்டிய காலத்தில் இதைக் கவனிக்கவே இல்லை.

கரைவலை இழுப்பவர்களைப் பார்க்க முடிந்தால் விடாதீர்கள். வலையின் இரண்டு கயிற்றையும் இரண்டு கூட்டம் தள்ளித் தள்ளி நின்று இழுக்கும். வலை கரையை நெருங்க நெருங்க இரண்டு கூட்டமும் ஒருவரை நோக்கி ஒருவர் நகர்ந்து வருவார்கள். அவர்கள் பாடும் அம்பாப் பாட்டை அவர்களிடம் அனுமதி வாங்காமல் பதிவு செய்யாதீர்கள். அந்த மெட்டைத் தூக்கிக்கொண்டு வந்து உங்கள் துண்டில் ஒட்டவும் வேண்டாம். அது அவர்கள் உழைப்போடு ஒட்டிய பாட்டு. நமக்குத் தேவை அந்த நகர்வு மட்டும். நடுப்பகுதிக்கு அது உதவும்.

இரண்டாம் படி: யார் வாசிக்கப் போகிறார்கள்

தாளில் ஓபோவும் ஹார்ப்பும் எழுதிவிட்டு ராமநாதபுரத்தில் ஆள் தேடினால் கதை முடிந்தது. இருக்கிற ஆட்களுக்கு எழுதுங்கள். கல்யாண பேண்டு, திருவிழா பேண்டு எதிலும் ஒரு கிளாரினெட் இருக்கும். வயலின் கற்றவர்கள் பாட்டு வகுப்புகளிலும் கிடைப்பார்கள், தேவாலயப் பாடகர் குழுக்களிலும் கிடைப்பார்கள். செல்லோவுக்குத்தான் சென்னையிலிருந்து ஆள் வர வேண்டியிருக்கும். அந்த ஒரு பயணச் செலவைப் பொறுத்துக்கொள்ளலாம், ஏனென்றால் ஆண் கடலுக்கு அடி ஒலி வேண்டும்.

தாளத்துக்கு நான் கடத்தைச் சொல்வேன். மிருதங்கத்தின் தோல் கடற்கரை ஈரத்தில் சுருதி தாழ்ந்துகொண்டே இருக்கும். கஞ்சிராவுக்கு அதைவிடத் தொல்லை. கடம் சுட்ட மண், ஈரத்துக்கெல்லாம் அசையாது. அதோடு, பேர்போன மானாமதுரைக் கடம் நம் வைகைக் கரையில்தான் செய்யப்படுகிறது. அதே வைகைதான் கீழே இறங்கி ராமநாதபுரத்துக்கு வருகிறது. அசையாது என்பதில் ஒரு சிக்கலும் உண்டு. கடத்தின் சுருதியை நம் வசதிக்கு மாற்ற முடியாது. ஆகவே துண்டின் ஸ எது என்பதைக் கடம்தான் முடிவு செய்யும்.

மூன்றாம் படி: சுருதியும் சுரங்களும்

2 கட்டைக் கடம் ஒன்றைத் தேடுங்கள். 2 கட்டை என்றால் மேற்கத்திய முறையில் டி. ஏன் இதையே பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்றால், செல்லோவில் டியும் ஏயும் திறந்த கம்பிகள், அதாவது ஸவும் பவும் விரல் வைக்காமலே முழங்கும். பி ஃபிளாட் கிளாரினெட்டில் ஒலிக்கக்கூடிய மிகத் தாழ்ந்த சுரமே இந்த டிதான். எழுதும்போது அவருக்கு இ என்று எழுத வேண்டும், ஏனென்றால் அந்த வாத்தியம் எழுதியதைவிட ஒரு முழுச் சுரம் கீழே ஒலிக்கும். இதை மறந்தால் முதல் ஒத்திகையின் முதல் நிமிடத்திலேயே மானம் போகும்.

வயலின்காரரிடம் ஒரு சுரம் எழுதுவதற்கு முன்பே கேட்க வேண்டியது: கம்பி எப்படிக் கட்டியிருக்கிறீர்கள்? மேற்கத்திய முறையென்றால் ஜி-டி-ஏ-இ. கர்நாடக முறையென்றால் ஸ-ப-ஸ-ப, 2 கட்டையில் அது டி-ஏ-டி-ஏ. இரண்டு கம்பியைச் சேர்த்து இழுக்கும் இடங்கள் எல்லாம் இதனால் மாறிவிடும்.

சுரங்களுக்கு மோகன ராகத்தை எடுப்போம்: ஸ ரி க ப த, அதாவது டி, இ, எஃப் ஷார்ப், ஏ, பி. இதற்கு ஊர்ப் பாசமும் ஒரு காரணம். கர்நாடக இசை படித்த யாரும் தாண்டாமல் வர முடியாத 'நின்னுகோரி' மோகன வர்ணத்தை எழுதியவர் ராமநாதபுரம் சமஸ்தான வித்வான் பூச்சி ஸ்ரீநிவாச ஐயங்கார். வர்ணத்திலிருந்து ஒரு சங்கதிகூட எடுக்கப் போவதில்லை, ஐந்து சுரம் மட்டும் போதும்.

உண்மையான காரணம் கிரக பேதம். மோகனத்தின் 'த'வை 'ஸ'வாக வைத்துப் பாடினால் அது சுத்த தன்யாசி என்ற வேறு ராகம். அதே ஐந்து சுரம்தான், நிற்கும் இடம்தான் மாறுகிறது. முதல் பகுதி டியில் நிற்கும் மோகனம், கடைசிப் பகுதி பியில் நிற்கும் சுத்த தன்யாசி. தண்ணீர் ஒன்றுதான், காற்றுதான் மாறிவிட்டது. அசையாத கடம் இரண்டு பகுதியிலும் ஒரே டியைத் தட்டும். முதலில் ஸவாகக் கேட்ட அது கடைசியில் 'சாதாரண காந்தாரம்' எனப்படும் 'க'வாகக் கேட்கும். கடத்தில் ஒன்றும் மாறவில்லை, ஆனால் கேட்பவர் காதில் அது வேறு நிறம்.

நான்காம் படி: ஒரே தாளில் காலக் கணக்கு

சுரம் எழுத உட்காருவதற்கு முன் கணக்கை முடித்துவிடுங்கள். வேகம் நிமிடத்துக்கு 60 எண்ணிக்கை, அதாவது விநாடிக்கு ஒன்று. மெட்ரோனோம் இல்லாவிட்டாலும் சுவர்க் கடிகாரம் போதும்.

கொந்தளிக்கும் கடலுக்கு 7 எண்ணிக்கைச் சொற்றொடர். அமைதிக் கடலுக்கு 4. இரண்டும் சேர்ந்து தொடங்கினால் மறுபடி சந்திப்பது 28ஆம் எண்ணிக்கை முடிந்த பிறகு. இந்த 28ஐ ஒரு சுற்று என்று வைத்துக்கொள்வோம். எட்டு நிமிடத்துக்கு 480 எண்ணிக்கை. 17 சுற்றுக்கு 476 போக, மிச்சம் 4. அந்த 4ஐ முடிவில் மௌனமாக வைக்கிறோம். 17ஐ 7, 3, 7 என்று பிரித்தால் கச்சான் காலம் 3 நிமிடம் 16 விநாடி, காற்று மாறும் நேரம் 1 நிமிடம் 24 விநாடி, வாடைக் காலம் மறுபடி 3 நிமிடம் 16 விநாடி. இந்தக் கணக்கு இவ்வளவு கச்சிதமாக விழுந்த அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஸ்கோரில், அதாவது எல்லோர் பாகமும் சேர்ந்த தாளில், எல்லோருக்கும் பொதுவாக நாலு-நாலு தாளக் கட்டமே போடுங்கள். ஒரு சுற்றுக்கு 7 கட்டம், மொத்தம் 119, மௌனக் கட்டத்தோடு 120. ஏழு வாசிப்பவருக்குச் சொற்றொடர் தொடங்கும் இடத்தில் மட்டும் அழுத்தக் குறி. ஆளுக்கொரு தாளக் கட்டம் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். ஒருவர் தவறினால் திரும்பிச் சேர வழியே இருக்காது.

ஐந்தாம் படி: செல்லோவிலிருந்து தொடங்குங்கள்

முதல் பகுதியில் கொந்தளிப்பது செல்லோ. ஏழை 5-2 ஆகப் பிரியுங்கள்: தகதகிட-தக. ஐந்தில் எழுந்து இரண்டில் உடையும். ஸ ரி க ப த என்று ஏறி, ப ஸ என்று விழுந்தால் அதுவே ஒரு அலை. ஏறும்போது சத்தம் வளர்ந்துகொண்டே போய், த-வில் உச்சம் தொட்டு, ப-வில் வில்லை, கம்பிகளைத் தாங்கும் குதிரைக்குப் பக்கத்தில் தள்ளி இழுக்கச் சொல்லுங்கள். சத்தம் கரகரவென்று நுரைக்கும்.

ஒரு சுற்றுக்கு 4 அலை, 7 சுற்றில் 28 அலை. அத்தனையும் ஒன்றுபோல் இருந்தால் மறுபடி மிக்ஸிதான். நான் வைத்துக்கொண்ட விதி, ஒவ்வொரு அலையிலும் முந்தியதிலிருந்து ஒன்றை மட்டும் மாற்றுவது. ஓர் அலையில் ரி காணாமல் போகும். அடுத்ததில் த ஒரு எண்ணிக்கை முன்னால் வரும். இன்னொன்றில் உச்சமே வராமல் அமுங்கிப் போகும். கடலில் அதுவும் நடக்கிறதே.

ஒரு ரகசியமும் வைத்துக்கொள்ளலாம். செல்லோவின் அடிக் கம்பி சி. நம் ஐந்து சுரங்களில் சி கிடையாது. தொடங்கும் முன்பே அந்தக் கம்பியை அரைச் சுரம் இறக்கி பியில் கட்டச் சொல்லிவிடுங்கள். பத்துச் சுற்று முடியும்வரை அந்தத் திறந்த கம்பி ஒரு முறைகூட ஒலிக்கக் கூடாது.

ஆறாம் படி: மேலே இருக்கும் அமைதி

வயலினுக்கும் கிளாரினெட்டுக்கும் 4 எண்ணிக்கைச் சொற்றொடர்கள், மிகமிக மெல்லியதாக. வயலின் கம்பியை அழுத்தாமல் தொட்டு எழுப்பும் விசில் போன்ற ஒலிகளைக் கொடுங்கள்; டியிலும் ஏயிலும் அது சுத்தமாக வரும். கிளாரினெட் ஒன்றுமில்லாததிலிருந்து சத்தத்தைத் தொடங்கக்கூடிய வாத்தியம், அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஆனால் இருவரும் சேர்ந்தே மூச்சுவிட வேண்டாம். ஒருவர் முடிக்கும்போது மற்றவர் தொடங்கட்டும்.

கடத்துக்கு நான் முதலில் எழுதியது சுற்றுக்கு ஒரு அடி. மொத்தம் 17 அடி. கட வித்வான் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கு நான் எதுக்கு சார், அலாரம் வச்சா போதுமே" என்றார். அவர் சொன்னது நியாயம். இப்போது முதல் மூன்று சுற்றில் மட்டும் ஒற்றை அடி. நான்கிலிருந்து செல்லோவோடு தகதகிட-தக. ஆறிலும் ஏழிலும் 28க்குள் அவர் விருப்பம்போல் வாசிக்கலாம், ஒன்றில் வந்து விழுந்தால் போதும். எழுதி வைத்திருந்தால் அந்த இரண்டு சுற்றும் இவ்வளவு நன்றாக வந்திருக்காது.

ஏழாம் படி: காற்று மாறும் மூன்று சுற்று

துண்டின் உயிர் இங்கேதான். ஏழு வாசித்தவர் நாலுக்கும், நாலு வாசித்தவர்கள் ஏழுக்கும் போக வேண்டும். சட்டென்று மாற்றினால் சுவிட்ச் போட்டது மாதிரி இருக்கும். கரைவலைக் கூட்டங்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் சுற்றில் செல்லோ 28ஐ 6+6+6+5+5 என்று பிரிக்கும். மேலே இருப்பவர்கள் 5+5+5+5+4+4. ஒன்பதாம் சுற்றில் எல்லோரும் 5+5+6+6+6. பத்தாம் சுற்றில் செல்லோ 5+5+5+5+4+4, மேலே 6+6+6+5+5. அதன்பின் செல்லோ நாலுக்கு வந்திருக்கும், மற்றவர்கள் ஏழுக்கு வந்திருப்பார்கள்.

சுரமும் இப்படியே நகர வேண்டும். எட்டாம் சுற்றில் செல்லோ மேலே ஏறும், வயலினும் கிளாரினெட்டும் கீழே இறங்கும். ஒன்பதில் மூவரும் ஒரே பியில், ஹார்மோனியத்தின் நடு சிக்குச் சற்றே கீழே இருக்கும் அந்த பியில் வந்து சேர்வார்கள். கடம் பேசக் கூடாது. 28 விநாடி மூன்று வாத்தியமும் ஒரே சுரம். அந்த பி இன்னும் மோகனத்தின் 'த'வா, இல்லை புது 'ஸ'வா என்று காதால் சொல்ல முடியாது. வலை கரையேறும் இடம் இதுதான். இந்த இடத்தில் அலங்காரம் செய்யக் கை துறுதுறுக்கும். செய்யாதீர்கள். வில் மாறும் இடங்களை மட்டும் ஆளுக்கு ஆள் தள்ளி வையுங்கள்.

பத்தில் கிளாரினெட் இரண்டு முறை சுரமில்லாமல் வெறும் காற்றை மட்டும் ஊதட்டும். செல்லோ இறங்கும்போது கடற்புறாக் கத்தலைச் சேர்க்கலாம்: இரண்டு விரலுக்கு இடையே உள்ள தூரத்தை மாற்றாமல், கம்பியை லேசாகத் தொட்டபடி மேலிருந்து கீழே சறுக்கினால் கீச்சுக் குரல் தானாகவே திரும்பத் திரும்ப வரும். ஜார்ஜ் கிரம்ப் 1971இல் திமிங்கலப் பாட்டைக் கேட்டு, புல்லாங்குழல், செல்லோ, பியானோவுக்கு எழுதிய 'வாக்ஸ் பலீனே'யில் இது வருகிறது. அதை முகமூடி போட்டுக்கொண்டுதான் வாசிக்க வேண்டும். நம் வெக்கைக்கு முகமூடி வேண்டாம். கத்தலையும் ஒரே முறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: வாடை

பதினோராம் சுற்றின் முதல் எண்ணிக்கையில், இதுவரை ஒளித்து வைத்த செல்லோவின் அடி பி ஒலிக்கும். அதன் பிறகு செல்லோ நாலு நாலு எண்ணிக்கையாக நீண்ட வில்லில் அங்கேயே கிடக்கும். அலை இப்போது மேலே: பி, டி, இ, எஃப் ஷார்ப், ஏ என்று ஏறி, எஃப் ஷார்ப், பி என்று உடையும். சுத்த தன்யாசியில் ஸ க ம ப நி, ப ஸ. முதல் பகுதியின் 28 அலைகளையும் அதே வரிசையில் இடம் மாற்றி எழுதினால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, வயலினுக்கும் கிளாரினெட்டுக்கும் அலையைப் பங்கு போடுவது. நான் வயலினை ஏறவிட்டு, கிளாரினெட்டை உடையவிட்டேன்.

ஒன்பதாம் படி: கமகத்தை எப்படி எழுதுவது

கமகம் என்றால் சுரத்தை அசைப்பது. கர்நாடக வயலின்காரர் காந்தாரத்தைப் பார்த்தால் அசைப்பார். மேற்கத்திய செல்லோக்காரர் அசையாமல் பிடிப்பார். இரண்டும் அவரவர் வழக்கப்படி சரியே, சேர்ந்து கேட்டால்தான் சண்டை. ஒவ்வோர் அசைவையும் சிறு சிறு சுரமாக உடைத்து எழுதிப் பார்த்தேன். செல்லோக்காரர் அதைக் கணக்குப் பரீட்சை மாதிரி வாசித்தார்.

கடைசியில் மூன்றே குறி வைத்துக்கொண்டேன். நேர்க்கோடு என்றால் அசைக்காமல் நில். வளைகோடு என்றால் அசை. சாய்கோடு என்றால் ஜாரு, அதாவது சறுக்கி வா. குறி இல்லாத சுரமெல்லாம் அசையாதவை. இதைத் தாளின் முதல் பக்கத்தில் எழுதி, ஒவ்வொன்றையும் நானே பாடிப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். என் குரல் கேட்கச் சகிக்காது, ஆனாலும் வேலை நடந்தது.

பத்தாம் படி: தாள், ஒத்திகை, மேடை

மியூஸ்கோர் இலவச மென்பொருள். அதில் எழுதினால் ஸ்கோரிலிருந்து ஒவ்வொருவருக்கும் தனித் தாள் பிரித்துத் தரும். சுற்று எண்ணைப் பெரிதாகப் போடுங்கள். பக்கம் திருப்பும் இடம் கை ஓய்வாக இருக்கும் கட்டத்தில் வர வேண்டும். கிளாரினெட்காரர் ஸ-ரி-க-மவில் பழகியவர் என்றால் அவருக்கு அதிலேயே எழுதிக் கொடுங்கள்; இதில் கௌரவம் பார்க்க ஒன்றுமில்லை. கடத்துக்கு ஒரு பக்கச் சுற்று அட்டவணை போதும்.

ஒத்திகையை நடுப்பகுதியிலிருந்து தொடங்குங்கள். முதலில் வாத்தியத்தைத் தொடாமல், எல்லோரும் கையில் தாளம் போட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். அந்த மூன்று சுற்று வாயில் வந்துவிட்டால் மற்றது தானாக வரும்.

கடற்கரையில் வைத்து வாசிக்கலாமே என்று யாராவது ஆசை காட்டுவார்கள். வேண்டாம். வயலினின் அந்த மெல்லிய ஒலி பத்தடி போவதற்குள் காற்றில் கரைந்துவிடும். ஒரு பள்ளி ஹால் போதும், ஆனால் எட்டு நிமிடம் மின்விசிறியை நிறுத்தச் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். சன்னல் வழியாக வரும் காற்றுக்குத் தாள்களைத் துணி கிளிப் போட்டுப் பிடித்து வையுங்கள். ஈரக் காற்றில் வில்லின் முடி நீண்டு தொய்யும், தொடங்கும் முன் இறுக்கிக்கொள்ளட்டும். வாசித்து முடித்ததும் கம்பிகளைக் காய்ந்த துணியால் துடைக்கச் சொல்லுங்கள், உப்புக் காற்று கம்பியைச் சும்மா விடாது. சுருதி சேர்க்கும்போது கடத்தைத் தட்டி, அதற்கு மற்ற மூவரும் சேர்ந்துகொள்ள வேண்டும். போனில் இருக்கும் டியூனர் என்ன காட்டினாலும் சரி.

120ஆம் கட்டத்தைப் பற்றி வாசிப்பவர்களிடம் தனியாகப் பேசுங்கள். அந்த நாலு விநாடியும் வில் கம்பி மேலேயே இருக்க வேண்டும், கிளாரினெட் உதட்டை விட்டு இறங்கக் கூடாது, கட வித்வான் கை கடத்தின் வாய்மேல். யாராவது ஒருவர் முன்னாலேயே கையைத் தளர்த்தினால் ஹாலில் கைதட்டல் விழுந்துவிடும். எங்களுக்கு இரண்டு முறை அப்படி விழுந்தது. மூன்றாம் முறைதான் அந்த நாலு விநாடி முழுசாகக் கிடைத்தது, விசிறியும் நின்றிருந்தது.